ஒரு பாடநூலை அரசு நிராகரிப்பது என்றால் என்ன? மலையகப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஓர் எளிய விளக்கம்

"பாடநூலை மாநில அரசு நிராகரித்தது" என்று இந்தியாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ செய்தி வருகிறது. அட்டனிலோ பண்டாரவளையிலோ அதை வாசிக்கிறவர் மனத்தில் உடனே எழும் படம், யாரோ புத்தகத்தைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவது. பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. நிராகரிப்பு என்ற ஒரே சொல்லால் நான்கைந்து வேறுவேறு காரியங்களைக் குறிக்கிறார்கள். எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், கட்சிகள் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

முதல் வகை, வாங்கும் பட்டியலில் சேர்க்க மறுப்பது. தனியார் பதிப்பகங்கள் நூல்களைத் தயாரித்து அரசிடம் கொடுக்கின்றன. அரசு சிலவற்றை ஏற்கிறது, சிலவற்றை ஏற்பதில்லை. நூல் இன்னும் வகுப்பறைக்குப் போயிருக்காது. இரண்டாவது, அரசே அச்சிட்ட நூலை விநியோகிக்காமல் களஞ்சியத்தில் நிறுத்தி வைப்பது. மூன்றாவது, பிள்ளைகளிடம் கொடுத்த பிறகு மீளப்பெறுவது. நான்காவது, நூலை அப்படியே வைத்துக்கொண்டு சில பக்கங்களை மட்டும் நீக்குவது, மறைப்பது அல்லது நடத்த வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்புவது. ஐந்தாவது கொஞ்சம் வித்தியாசமானது: மத்திய அரசு நீக்கிய பாடத்தை மாநில அரசு "நாங்கள் நீக்க மாட்டோம்" என்று தானே அச்சிட்டுக் கொடுப்பது. இங்கே நிராகரிக்கப்படுவது நூல் அல்ல, நீக்கல்.

இந்த ஐந்தும் ஒன்றல்ல என்பதற்கு முக்கியமான காரணம் நாட்காட்டி. முதல் வகையில் பிள்ளைக்கு நட்டமில்லை, பதிப்பகத்துக்குத்தான் நட்டம். இரண்டாவதும் மூன்றாவதும் தவணை தொடங்கிய பிறகு நடந்தால், புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பது பிள்ளைதான்.

புளோரிடாவின் கணக்குப் புத்தகங்கள்

முதல் வகைக்குத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம். அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் ஒரே பாடநூல் கிடையாது. சில மாநிலங்களில் மாவட்டங்களே தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும். புளோரிடா, டெக்சாஸ் போன்ற வேறு சிலவற்றில் மாநில அரசு முதலில் ஒரு பட்டியலை ஏற்று வெளியிடும்.

2022 ஏப்ரலில் புளோரிடா கல்வித் திணைக்களம், தன்னிடம் வந்த 132 கணித நூல்களில் 54 நூல்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை என்று அறிவித்தது. அது 41 வீதம். அந்த 54 எப்படிப் பிரிந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 28 நூல்களில் "தடைசெய்யப்பட்ட தலைப்புகள் அல்லது கேட்கப்படாத முறைகள்" இருந்தன என்றார்கள். விமர்சன இனக் கோட்பாடு (இனப் பாகுபாடு சட்டங்களிலும் நிறுவனங்களிலும் ஊறியிருக்கிறது என்ற பார்வை), சமூக-உணர்வுக் கற்றல் (உணர்வுகளைக் கையாளவும் பிறரோடு பழகவும் பயிற்றுவது) என்பவை இதற்குள் அடங்கும். 12 நூல்கள் மாநிலத்தின் புதிய கணிதத் தரநிலைகளோடு பொருந்தவில்லை. 14 நூல்களில் இரண்டு குறைகளும் இருந்தன. ஆகவே, 12 நூல்கள் எந்த அரசியல் காரணமும் இன்றி, பாடத்திட்டத்துக்குப் பொருந்தவில்லை என்ற சாதாரணக் காரணத்துக்காகவே விடுபட்டன. செய்தித் தலைப்புகளில் 54-ம் ஒரே குவியலாகத்தான் வந்தன.

கணக்குப் புத்தகத்தில் இனக் கோட்பாடு எங்கே வந்தது என்று பலரும் கேட்டார்கள். திணைக்களம் சில பக்கங்களை மாதிரியாக வெளியிட்டது. இன முற்சாய்வை வயதுவாரியாகக் காட்டும் ஒரு சலாகை வரைபு அவற்றில் ஒன்று. தரவை வைத்துக் கணக்குச் செய்யும் பயிற்சிக்கு அந்தத் தரவு எடுத்தாளப்பட்டிருந்தது. ஆனால் 54 நூல்களில் எந்த நூலில் எந்தப் பக்கம் என்ற முழு விபரம் அறிவிப்போடு வரவில்லை. பின்னர் மதிப்பீட்டாளர்களின் தாள்கள் வெளியானபோது, அவர்களில் மிகப் பெரும்பாலானோர் அப்படி எதையும் காணவில்லை என்பது தெரிந்தது. அந்த அறிவிப்பின் பெரிய குறை இதுதான். பக்க எண் சொல்லாமல் ஒரு நூலைத் தள்ளினால், ஆசிரியரும் பெற்றோரும் அதைச் சரிபார்க்க வழி இல்லை.

செய்திகளில் அதிகம் வராத இரண்டு விடயங்களும் உண்டு. புளோரிடா சட்டப்படி மாவட்டங்கள் தமது பாடநூல் ஒதுக்கீட்டில் குறைந்தது பாதியைப் பட்டியல் நூல்களுக்குச் செலவிட வேண்டும். மீதியில் பட்டியலுக்கு வெளியே வாங்க இடமிருக்கிறது. எனவே பட்டியலில் இல்லாமை முழுத் தடை ஆகாது. அடுத்து, பதிப்பகங்கள் சொன்ன இடங்களைத் திருத்தி மறுபடி கொடுத்தால் பட்டியலுக்குள் வரலாம். 2022-இல் சில நூல்கள் அப்படித் திரும்பி வந்தன. 2023-இல் சமூகக் கல்விக்கு வந்த 101 நூல்களில் தொடக்கத்தில் 19 மட்டுமே ஏற்கப்பட்டன. திருத்தங்களுக்குப் பிறகு அந்த எண்ணிக்கை 66 ஆனது. அந்த இடைவெளியில் பதிப்பகங்கள் எந்த வரியை, எந்தச் சொல்லை மாற்றின என்பதுதான் உண்மையான செய்தி. ஏனென்றால் அந்த மாற்றம்தான் பிள்ளையின் கைக்குப் போகிறது.

தமிழ்நாட்டின் 2011

இரண்டாவது வகை தமிழ்நாட்டில் நடந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் நீலகிரிக்கும் திருச்சிக்கும் போன சொந்தங்கள் உள்ள குடும்பங்களில் இது பலருக்கு நினைவிருக்கும்.

நான்கு வேறு பாடத்திட்ட முறைகளை ஒன்றாக்கும் சமச்சீர்க் கல்விச் சட்டம் 2010-இல் தி.மு.க. ஆட்சியில் வந்தது. அந்த ஆண்டு 1-ஆம், 6-ஆம் வகுப்புகளில் தொடங்கியது. மற்ற வகுப்புகளுக்கு 2011 ஜூனில் வரவேண்டும், நூல்களும் அச்சாகியிருந்தன. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. புதிய அ.தி.மு.க. அரசு நூல்களின் தரம் போதாது என்று சொல்லி, சட்டத்தைத் திருத்தித் திட்டத்தைத் தள்ளிவைத்தது. பள்ளி திறப்பே ஜூன் 1-இலிருந்து ஜூன் 15-க்குப் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய்வந்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 2011 ஆகஸ்ட் 9-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து, 10 நாட்களுக்குள் நடைமுறைப்படுத்தச் சொன்னது.

ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் வரை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், பெரும்பாலான வகுப்புகளில் புத்தகம் இல்லை. அச்சான நூல்கள் கிடங்கில் இருந்தன. தீர்ப்புக்குப் பிறகும் முந்தைய முதல்வரைப் பற்றிய சில பகுதிகள் மேல் தாள் ஒட்டி மறைக்கப்பட்டன. அது நான்காவது வகை. ஒரே நூல் மூன்று மாதத்துக்குள் இரண்டு விதமாக நிராகரிக்கப்பட்டது என்று வாசிப்பதே சரி.

தரம் குறைவு என்ற வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. எந்தப் புதிய நூலிலும் பிழை இருக்கும். ஆனால் தரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை பிழைதிருத்தப் பட்டியல். அதை அச்சடித்து ஒவ்வொரு பள்ளிக்கும் அனுப்பலாம்.

மூன்றாவது வகைக்கு இராஜஸ்தான் உதாரணம். 2025 ஜூலையில், சுதந்திரத்துக்குப் பிந்திய இந்தியா பற்றிய 12-ஆம் வகுப்பு நூல் ஒன்றில் காங்கிரஸ் தலைவர்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி அங்குள்ள பா.ஜ.க. அரசு அதை நிறுத்தியது. அதற்குள் இலட்சக்கணக்கான பிரதிகள் அச்சாகி, பெரும்பகுதி பள்ளிகளுக்குப் போய்விட்டது. ஐந்தாவது வகைக்குக் கேரளம். தேசியக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. முகலாயர் வரலாறு, காந்தி கொலை, குஜராத் கலவரம் பற்றிய பகுதிகளை நீக்கியபோது, கேரள அரசு 2023 ஆகஸ்டில் 11-ஆம், 12-ஆம் வகுப்புகளுக்குக் கூடுதல் நூல்களை வெளியிட்டு அவற்றைப் பாடத்தில் வைத்திருந்தது. கேரளம் இப்படிச் செய்ய முடிந்ததற்குக் காரணம், இந்திய அரசியலமைப்பில் கல்வி 1976-இலிருந்து மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருப்பது. மாநிலத்துக்குத் தனது பாடத்திட்டச் சபையும், தேர்வும், அச்சகமும் உண்டு. இந்த மூன்றும் கையில் இல்லாமல் ஒரு நூலை மறுக்கவும் முடியாது, மாற்று நூல் கொடுக்கவும் முடியாது.

நம் மாகாணத்தால் முடியுமா?

மத்திய மாகாணமோ ஊவாவோ சப்ரகமுவவோ ஒரு பாடநூலை நிராகரிக்க முடியுமா? முடியாது. இதை முதலில் தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. பாடநூல் விடயத்தில் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் முன்னால் போய் நிற்பதால் பல வாரங்கள் வீணாகின்றன.

இலங்கையில் கலைத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிப்பது மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம். அது 1985-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அந்தப் பாடத்திட்டத்தை வைத்து நூலை எழுதுவித்து, அச்சிட்டு, விநியோகிப்பது பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம். பரீட்சை எடுப்பது பரீட்சைத் திணைக்களம். மூன்றும் கொழும்புப் பக்கத்தில், மூன்றும் மத்திய அரசின் கீழ். 1980-இலிருந்து தரம் 1 முதல் 11 வரை நூல்கள் இலவசம். ஒரு பாடத்துக்கு ஒரு நூல் என்பதே வழக்கம். 2000-களில் சில பாடங்களுக்குத் தனியார் பதிப்பாளர்களின் நூல்களை மதிப்பிட்டு, பாடசாலை தெரிந்தெடுக்க விடும் முறை இருந்தது. பிறகு கைவிடப்பட்டது. அது இருந்த காலத்தில்தான் புளோரிடாவில் நடப்பதைப் போன்ற 'பட்டியலில் சேர்க்காமை' இங்கேயும் இருந்தது. இப்போது இருப்பது ஒரே நூல், ஆகவே முதல் வகை நிராகரிப்புக்கு இங்கே இடமே இல்லை.

மாகாண சபைகளை உருவாக்கிய 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தில் கல்வி பற்றி ஒரு பின்னிணைப்பு இருக்கிறது. அதில் பாடநூலோடு சம்பந்தப்பட்ட இரண்டு அதிகாரங்கள் மாகாணத்துக்குத் தரப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஆரம்பப் பிரிவுக் கலைத்திட்டத்திலும் 9, 10, 11-ஆம் ஆண்டுகளின் சில தெரிவுப் பாடங்களிலும் உள்ளூருக்கு ஏற்ற மாற்றங்களைத் தேசிய கல்வி நிறுவகத்தின் அங்கீகாரத்தோடு செய்வது. மற்றது, அமைச்சின் அங்கீகாரத்தோடு பாடநூல்களைத் தயாரித்து விநியோகிப்பது. இரண்டிலும் 'அங்கீகாரத்தோடு' என்ற சொல் இருக்கிறது. அதாவது கூட்டலாம், கழிக்க முடியாது. தேயிலை பற்றியோ, 1823-இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் நம் வருகை பற்றியோ ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு ஒரு துணை நூல் வேண்டுமென்றால் சட்டத்தில் வழி திறந்தே இருக்கிறது. மத்திய அரசின் நூலில் ஒரு பக்கம் பிடிக்கவில்லை என்று அதை ஒதுக்க வழி இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. மாகாண சபைகளின் காலம் 2017-க்கும் 2019-க்கும் இடையில் ஒவ்வொன்றாக முடிந்தது. அதன்பின் தேர்தல் இன்றிப் பல ஆண்டுகளாக ஆளுநரின் கீழேயே நிர்வாகம் நடந்துவருகிறது. நிராகரிக்கும் அதிகாரம் இல்லாதது ஒருபுறம். கூட்டும் அதிகாரத்தைக் கேட்டுப் பேச வேண்டிய உறுப்பினரும் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய இழப்பு.

நிறுத்துவதும் மீளப்பெறுவதும் இங்கே மத்திய அரசின் கையில்தான் நடக்கும். 2026 கல்விச் சீர்திருத்தத்துக்காகத் தயாரித்த தரம் 6 ஆங்கில மொடியூலில் (பாட அலகு நூலில்) பிள்ளைகளுக்குப் பொருந்தாத ஓர் இணையத்தள முகவரி இருந்தது தெரியவந்தபோது விநியோகம் நிறுத்தப்பட்டது. 2026 ஜனவரியில் தரம் 6-க்கான சீர்திருத்தத்தையே 2027-க்குத் தள்ளிவைத்தார்கள். தரம் 1-க்கான பகுதி தொடர்ந்தது. பிழை இருந்தது ஒரு பாடத்தின் ஒரு பக்கத்தில். அதன் விளைவோ அந்தத் தரத்தின் எல்லாப் பாடங்களுக்கும் ஓராண்டு. நடுவில் எந்தப் படியில் கண் தவறியது என்பதைப் புரிந்துகொள்ள நூல் உருவாகும் வரிசை தெரியவேண்டும்.

எந்தப் படியில் என்ன பிழை வரும்

பாடத்திட்டம் முடிந்ததும் எழுத்தாளர் குழு அத்தியாயங்களை எழுதுகிறது. பதிப்பாசிரியர் குழு பொருளைச் சரிபார்க்கிறது. பிறகு மொழிச் செம்மையாக்கம், பக்கவமைப்பு, படங்கள், இறுதிப் பார்வை, அச்சு, களஞ்சியம், வலயம், பாடசாலை. தமிழ் மொழி, சைவநெறி போன்ற பாடங்கள் தமிழிலேயே எழுதப்படுகின்றன. வரலாறு, விஞ்ஞானம், கணிதம் போன்ற பலவற்றில் முதற்படி சிங்களத்தில் எழுதப்பட்டுத் தமிழுக்கு மொழிபெயர்க்கப்படுவதே பெரும்பாலும் நடப்பது. தமிழ்மொழி மூலப் பிள்ளையின் நூலில் ஒரு படி கூடுதலாக இருக்கிறது, ஆனால் அச்சுக்கான கெடு இருமொழிக்கும் ஒன்றே. சிங்களப் பிரதி பிந்தினால் அந்தச் சுமை முழுதும் மொழிபெயர்ப்பாளர் தலையில் விழும். ஒரு வாக்கியம் விடுபடுவது, எண் புரள்வது, ஊர்ப் பெயர் சிங்கள உச்சரிப்பில் அப்படியே வருவது எல்லாம் அந்த அவசரத்தின் பிள்ளைகள்.

பொருட்பிழையும் விடுபடலும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆண்டு தவறாக இருந்தால் அது பொருட்பிழை. ஒரு கடிதத்தில் திருத்தலாம். ஆனால் 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் நாடற்றவரானது, 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1974-இன் தொடர் ஒப்பந்தம், 2003-இல் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க வந்த சட்டம் என்பவை ஒரு வரலாற்று நூலில் எத்தனை வரி பெறுகின்றன என்பது வேறு கேள்வி. அதற்கு "இல்லவே இல்லை" என்று மேடையில் முழங்குவதைவிட, அத்தியாயம், பக்கம், வரி எண்ணிக்கை என்று எடுத்து எழுதுவதே பயன் தரும். பக்கத்து அத்தியாயத்தில் வேறொரு நிகழ்வுக்கு எத்தனை வரி என்பதையும் சேர்த்து எழுதினால், எண் தானே பேசும். "எங்களைப் பற்றி ஒன்றுமில்லை" என்று எழுதிவிட்டு, எங்கோ ஓரிரண்டு வரி இருப்பது தெரியவந்தால் முறைப்பாடு முழுதும் செல்லாக்காசாகிவிடும்.

ஒரே நூல் முறையில் நிறுத்தல் ஏன் மலையகத்தை அதிகம் தாக்கும் என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கண்டி நகரில் நூல் பிந்தினால் துணைநூல் கடை இருக்கிறது, பிரத்தியேக வகுப்பு இருக்கிறது. தோட்டப் பாடசாலைக்கு அந்த நூல்தான் நூல். பாடசாலைகளை 1970-களில் அரசு பொறுப்பேற்ற பிறகும் இந்த இடைவெளி முழுதாக மூடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மண்சரிவில் வீட்டோடு புத்தகத்தையும் இழந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும்.

பிழை கண்டால் செய்யவேண்டியது

முதலில் நூலின் முன்பக்கங்களைப் பாருங்கள். பதிப்பு ஆண்டு, மீள்பதிப்பு ஆண்டு, எழுத்தாளர் குழு, பதிப்பாசிரியர் குழு, மொழிபெயர்ப்பு அல்லது மொழிச் செம்மை செய்தவர்கள் எல்லாம் அங்கே இருக்கும். பாவித்த நூல்கள் அடுத்த வருடத்துப் பிள்ளைக்குக் கைமாறுவதால் ஒரே வகுப்பில் இரண்டு பதிப்புகள் இருப்பது சாதாரணம். நீங்கள் கண்ட பிழை அடுத்த பதிப்பில் திருத்தப்பட்டிருக்கலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் நூல்கள் பீடிஎஃப் வடிவில் கிடைக்கின்றன, அதில் உள்ள பிரதியோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, அதே நூலின் சிங்களப் பிரதியை இறக்கிக் கொள்ளுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. மொழிபெயர்த்த நூல்களில் படமும் அட்டவணையும் இரண்டிலும் ஏறக்குறைய அதே ஒழுங்கில் வரும். எண்கள், ஆண்டுகள், வரைபடத்தில் அம்புக்குறி, பயிற்சி வினாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை விரல் வைத்து ஒப்பிடலாம். இரண்டிலும் பிழை இருந்தால் அது எழுத்தாளர் குழுவின் பிழை. தமிழில் மட்டும் இருந்தால் மொழிபெயர்ப்பின் பிழை. முறைப்பாட்டில் இதை முதல் வரியிலேயே குறிப்பிட்டால் கடிதம் சரியான மேசைக்குப் போகும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான்: தரம், பாடம், மொழிமூலம், பதிப்பு ஆண்டு, பக்கம், வரி, இப்போது இருப்பது, இருக்கவேண்டியது, அதற்கு ஆதாரம். ஒரு பிழைக்கு ஒரு பந்தி. பக்கத்தின் தெளிவான படப்பிரதியை இணையுங்கள். பாட ஆசிரியர் ஊடாக வலயத்தின் ஆசிரிய ஆலோசகருக்கு ஒரு பிரதி, அதிபரின் மேலுறையோடு கல்வி வெளியீட்டு ஆணையாளர் நாயகத்துக்கு ஒரு பிரதி. பிழை பாடத்திட்டத்திலேயே இருந்தால் அது தேசிய கல்வி நிறுவகத்துக்குப் போகவேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை வைத்திருங்கள். முகநூலில் மட்டும் போட்டுவிட்டு இருந்தால் திணைக்களத்தில் ஒரு கோவையும் திறக்கப்படாது.

காலமும் முக்கியம். அடுத்த ஆண்டுக்கான நூல்கள் ஆண்டின் பிற்பகுதியிலேயே அச்சுக்குப் போய்விடும். ஜனவரியில் நூல் கிடைத்தவுடன் பார்த்து, முதலாம் தவணைக்குள் அனுப்பிய கடிதத்துக்குத்தான் அடுத்த பதிப்பில் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நவம்பரில் அனுப்பினால் ஓராண்டு கழிந்த மாதிரிதான்.

பதில் வராவிட்டால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திணைக்களத்தின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழு. கேள்வியை ஆவணம் இருக்கக்கூடிய மாதிரிக் கேளுங்கள். "ஏன் எங்கள் வரலாறு இல்லை?" என்பது கேள்வி, ஆனால் அதற்கு ஆவணம் இல்லை. "இந்த நூலின் மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கப்பட்ட நாட்கள் எத்தனை, 5-ஆம் அத்தியாயம் பற்றி வந்த முறைப்பாடுகளின் பிரதியும் எடுத்த முடிவும் தருக" என்று கேட்டால் கோவையைத் திறந்தே ஆகவேண்டும்.

கூட்டும்போது கவனிக்க வேண்டியது

நூல் திருந்தும்வரை ஆசிரியர் துணைத்தாள் கொடுக்கலாம். பலர் தமிழ்நாட்டுப் பாடநூலையோ யூடியூப் பாடத்தையோ எடுத்துக் கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் விஞ்ஞானத்தில் இது பிள்ளையைக் குழியில் தள்ளும். இங்கே 'திணிவு' என்பது அங்கே 'நிறை'. இங்கே 'நிறை' என்பது அங்கே 'எடை'. ஒரே சொல் இரண்டு நாட்டில் இரண்டு கணியத்தைக் குறிக்கிறது. கிலோகிராமில் அளப்பதையும் நியூட்டனில் அளப்பதையும் பிள்ளை மாற்றி எழுதிவிட்டு, தான் சரியாகத்தான் எழுதினேன் என்று நிற்கும். 'ஆர்முடுகல்' அங்கே 'முடுக்கம்', 'கலம்' அங்கே 'செல்', 'ஒட்சிசன்' அங்கே 'ஆக்சிஜன்'. இவை தடுமாற வைக்கும், ஆனால் தவறான விடைக்குக் கொண்டுபோகாது. திணிவும் நிறையும் கொண்டுபோகும்.

எனவே துணைத்தாள் தயாரிக்கும்போது முதல் வேலை, பாடநூலின் கலைச்சொல்லை இடப்பக்கத்திலும் வெளி நூலின் சொல்லை வலப்பக்கத்திலும் எழுதி ஓர் அட்டவணை வைப்பது. வரலாற்றுக்குத் துணைத்தாள் என்றால் ஆண்டையும் சட்ட இலக்கத்தையும் வர்த்தமானியிலிருந்தோ சட்டப் புத்தகத்திலிருந்தோ எடுத்து, எந்த ஆவணம் என்பதைத் தாளின் அடியிலேயே குறித்துவிடுங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு வினா பாடத்திட்டத்திலிருந்துதான் வரும். ஆகவே துணைத்தாளின் ஒவ்வொரு பந்திக்கும் பாடத்திட்டத்தின் எந்தத் தேர்ச்சி மட்டம் என்று ஓரத்தில் எழுதிவைத்தால், வலயத்திலிருந்து வரும் அதிகாரி "இது பாடத்துக்கு வெளியே" என்று சொல்ல இடமிருக்காது. அந்தத் தாள்களை ஒரு கோவையில் சேர்த்துக்கொண்டே வந்தால், நாளைக்கு மாகாணத்தின் ஊடாக உள்ளூர்த் துணைநூலுக்கு அங்கீகாரம் கேட்கும்போது விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய மாதிரி அத்தியாயம் கையில் இருக்கும்.